ஒரே 600, இரண்டு பொருள்: நெட்வொர்க் சேமிப்பகக் கருவிகளின் மேன் பக்கங்களை ஏன் பராமரிக்க வேண்டும்

திருப்பூரில் உள்ள ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணினி அறையை எடுத்துக்கொள்வோம். எம்பிராய்டரி டிசைன்கள், பிரிண்டிங் படங்கள், கட்டிங் பிரிவுக்கான பேட்டர்ன் கோப்புகள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. மற்றக் கணினிகள் நெட்வொர்க் வழியாக அதே கோப்புகளைத் திறந்து வேலை செய்கின்றன. கோவையின் பம்ப் தொழிற்சாலைகளில் வரைபடங்களுக்கும், ஈரோட்டு மருத்துவமனைகளில் ஸ்கேன் படங்களுக்கும் இதே ஏற்பாடு பொருந்தும். இந்தச் சர்வரைக் கவனிப்பவர் பெரும்பாலும் ஒரே ஒருவர். சிசிடிவி, டேலி, பிரிண்டர் எல்லாவற்றோடும் சேர்த்துச் சேமிப்பகமும் அவர் பொறுப்பில் வருகிறது.

சர்வர் ஒருநாள் பதில் தராமல் தொங்கும்போது அவர் முன் இரண்டு வழிகாட்டல்கள் இருக்கின்றன. ஒன்று, இணையத்தில் தேடிக் கிடைத்த குறிப்பு. மற்றொன்று, அந்தக் கணினியிலேயே நிறுவப்பட்டிருக்கும் மேன் பக்கம். இரண்டும் சில வேளைகளில் நேர் எதிராகப் பேசுகின்றன. இரண்டில் எதை நம்புவது, அந்தப் பக்கத்தை யார் எழுதுகிறார், அது எப்படிப் பழசாகிறது, பழசானால் என்ன இழப்பு என்பவற்றை அடிப்படையிலிருந்து விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேன் பக்கம் என்பது என்ன

யூனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் 'மேன்' என்ற கட்டளைக்குப் பின் ஒரு கருவியின் பெயரைத் தட்டினால் திரையில் விரியும் கையேட்டுப் பக்கம்தான் மேன் பக்கம். பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3 என்ற தேதியைத் தாங்கியது. அதன் பக்கங்களில் இரண்டு தலைப்புகள் கவனிக்கத்தக்கவை. ஒன்று 'பக்ஸ்', அதாவது இந்தக் கருவியில் எங்களுக்குத் தெரிந்த குறைகள் இவை என்று எழுதியவர்களே ஒப்புக்கொள்ளும் இடம். மற்றொன்று 'ஓனர்', அதாவது இந்தக் கருவிக்குப் பொறுப்பாளர் யார் என்று சொல்லும் வரி. குறையையும் பொறுப்பாளரையும் பயனரிடம் மறைக்காமல் சொல்லிவிடும் இந்தப் பழக்கம், ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு நல்ல கையேட்டுக்கு உரைகல்லாக இருக்கத் தகுதியானது.

லினக்ஸில் பக்கங்கள் எண்ணிட்ட பிரிவுகளாக அடுக்கப்படுகின்றன. நமக்கு வேண்டியவை மூன்று: பொதுக் கட்டளைகளுக்குப் பிரிவு 1, அமைப்புக் கோப்புகளின் வடிவத்துக்குப் பிரிவு 5, நிர்வாகக் கட்டளைகளுக்குப் பிரிவு 8. சேமிப்பகத்தில் இந்தப் பிரிவினைதான் முதல் குழப்பத்தை உண்டாக்குகிறது. எந்தக் கோப்புறையை யாருக்குப் பகிர்வது என்பதை எழுதும் 'எக்ஸ்போர்ட்ஸ்' கோப்பின் இலக்கணம் பிரிவு 5-இல் இருக்கிறது. அந்தக் கோப்பை நடைமுறைக்குக் கொண்டுவரும் 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' கட்டளை பிரிவு 8-இல் இருக்கிறது. கோப்புகளைப் பெறும் கணினியில், அதாவது கிளையண்டில், பகிர்ந்த கோப்புறையை இணைக்க 'மவுண்ட்' செய்யும்போது தரும் ஆப்ஷன்களோ மவுண்ட் கட்டளையின் பக்கத்தில் இல்லாமல், இந்தக் கோப்புப் பகிர்வு முறையின் பெயரான 'என்எஃப்எஸ்' என்ற பிரிவு 5 பக்கத்தில் இருக்கின்றன. மவுண்ட் பக்கத்தைத் திறந்து தேடியவர் ஒன்றும் கிடைக்காமல் இணையத்துக்குப் போய்விடுவதில் வியப்பில்லை. பக்கத்தின் அடியில் வரும் 'இவற்றையும் பார்க்க' பட்டியலைச் சரியாக வைத்திருப்பது ஏன் முக்கியம் என்பது இங்கே புரியும்.

கோப்பாகப் பகிர்வதும் வட்டாகப் பகிர்வதும்

நெட்வொர்க் சேமிப்பகம் இரு வகைப்படும். என்எஃப்எஸ் முறையில் சர்வர் கோப்புகளைப் பகிர்கிறது; கோப்புகளை வட்டில் அடுக்கிவைக்கும் ஒழுங்கான கோப்பு முறைமை சர்வரின் கையில் இருக்கும். சன் நிறுவனம் 1984-இல் உருவாக்கிய இந்த முறையின் மூன்றாம் பதிப்பு 1995-இல் ஆர்எஃப்சி 1813 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக வெளிவந்தது. ஐஸ்கஸி முறையில் சர்வர் ஒரு வெற்று வட்டையே நெட்வொர்க் வழியாக நீட்டுகிறது. அதன்மேல் கோப்பு முறைமையை அமைத்துக்கொள்வது கிளையண்டின் வேலை. இதன் முதல் வரையறை 2004-இல் ஆர்எஃப்சி 3720 ஆக வந்தது. 'என்விஎம்இ' என்ற அதிவேக வட்டுகளை நெட்வொர்க் வழியாகத் தரும் புதிய முறையும் இந்த இரண்டாம் வகையைச் சேர்ந்ததே.

இந்த வேறுபாடு தெரியாமல் ஒரே ஐஸ்கஸி வட்டை இரண்டு கணினிகளில் 'இஎக்ஸ்டி4' போன்ற சாதாரணக் கோப்பு முறைமையோடு ஒரே நேரத்தில் எழுதத் திறந்தால், இரண்டும் ஒன்றையொன்று அறியாமல் எழுதி வட்டின் உள்ளடக்கத்தைச் சிதைத்துவிடும். ஐஸ்கஸியை இணைக்கும் கருவி இதைத் தடுக்காது, ஏனெனில் வட்டை இணைத்துக் கொடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. கருவி தடுக்காத ஆபத்தைச் சொல்ல வேண்டிய இடம் கையேடுதான்.

ஓர் இடைவெளி செய்யும் வேலை

எக்ஸ்போர்ட்ஸ் கோப்பின் ஒரு வரியை அருகில் வைத்துப் பார்ப்போம். கட்டளைச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தருகிறேன்.

/டிசைன் 192.168.10.0/24(ஆர்டபிள்யூ)

அலுவலக நெட்வொர்க்கில் உள்ள கணினிகள் 'டிசைன்' கோப்புறையைப் படிக்கலாம், எழுதலாம் என்பது இதன் பொருள். இப்போது அடைப்புக்குறிக்கு முன் ஓர் இடைவெளி விழுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம்.

/டிசைன் 192.168.10.0/24 (ஆர்டபிள்யூ)

பொருள் தலைகீழாகிறது. இடைவெளிக்கு முன் உள்ள நெட்வொர்க்குக்கு ஆப்ஷன் எதுவும் தரப்படாததால் அது இயல்பு நிலைக்குப் போகிறது. இயல்பு நிலை என்பது படிக்க மட்டுமே அனுமதி. இடைவெளிக்குப் பின் வரும் அடைப்புக்குறிக்கு முன்னால் பெயர் இல்லாததால் அது எல்லாருக்குமான அனுமதி ஆகிவிடுகிறது. ஆக, சொந்த டிசைன் பிரிவு எழுத முடியாமல் நிற்க, ஃபயர்வால் தடுக்காத வரை, வரவேற்பறை வைஃபையில் இணைந்த வெளியாளின் கணினி எழுதும் உரிமை பெற்று நிற்கும்.

கீழ்பவானி வாய்க்காலில் மதகுப் பட்டியல் எழுதுபவர் ஒரு கோட்டை இடம் மாற்றிப் போட்டு, முறை உள்ள வயலை அடைத்து ஊர்ப் பொதுவில் தண்ணீரைத் திறந்துவிட்டதற்குச் சமம் இது.

மேன் பக்கம் இதைச் சொல்கிறது. கிளையண்டின் பெயருக்கும் அதன் ஆப்ஷன் பட்டியலுக்கும் நடுவே இடைவெளி கூடாது என்று ஒரு வரி அங்கே இருக்கிறது. ஆனால் அது விதியை மட்டும் சொல்கிறது. மீறினால் நேர்வது என்ன என்பதை அந்த வரி சொல்வதில்லை. கருவி தரும் எச்சரிக்கையோ, பெயர் இல்லாத அடைப்புக்குறிக்கு முன் நட்சத்திரக் குறியைச் சேர்த்தால் எச்சரிக்கை வராது என்று ஆலோசனை கூறுகிறது. அந்த ஆலோசனையை அப்படியே ஏற்பவர், தெரியாமல் செய்த பிழையைத் தெரிந்தே செய்ததாக ஆக்கிவிடுவார். என் கருத்தில், 'இடைவெளி விட்டால் எல்லாருக்கும் எழுதும் உரிமை கிடைத்துவிடும்' என்ற விளைவை விதியின் பக்கத்திலேயே எழுத வேண்டும். இப்படிப்பட்ட ஒற்றை வாக்கியங்களைச் சேர்ப்பதுதான் மேன் பக்கப் பராமரிப்பின் பெரும்பகுதி.

சரிபார்க்க ஒரு வழி உண்டு. 'எக்ஸ்போர்ட்எஃப்எஸ்' கட்டளையை விரிவாகக் காட்டும் 'வி' ஆப்ஷனோடு இயக்கினால், நாம் எழுதியதைச் சர்வர் எப்படிப் புரிந்துகொண்டது என்று முழுப் பட்டியலையும் காட்டும். கோப்பைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் இதைப் பார்ப்பது நல்லது.

600 என்ற எண்

பராமரிப்பாளர் எவ்வளவு கவனமாக எழுத வேண்டும் என்பதை அலகுகள் காட்டுகின்றன. என்எஃப்எஸ் கிளையண்டில் 'டைமியோ' என்ற ஆப்ஷன், சர்வரின் பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருந்து மறுபடி கேட்பது என்பதை முடிவு செய்கிறது. டிசிபி என்ற நெட்வொர்க் நெறிமுறை வழியாக இணைக்கும்போது இதன் இயல்பு மதிப்பு 600. இதன் அலகு நொடியில் பத்தில் ஒரு பங்கு; ஆகவே 600 என்பது 60 நொடி.

என்விஎம்இ வட்டை நெட்வொர்க் வழியாக இணைக்கும் 'என்விஎம்இ கனெக்ட்' கட்டளையில், இணைப்பு அறுந்தபின் எவ்வளவு நேரம் மீண்டும் முயல்வது என்பதைச் சொல்லும் ஆப்ஷன் ஒன்று இருக்கிறது. அதன் இயல்பு மதிப்பும் 600. ஆனால் அலகு நொடி. ஆகவே அது பத்து நிமிடம். ஐஸ்கஸியின் அமைப்புக் கோப்பில் இதையொத்த காத்திருப்புக்கு இயல்பு மதிப்பு 120. அதுவும் நொடிக் கணக்கு.

ஒரே அறையில் இந்த மூன்றையும் கையாள்பவர் ஒரு பக்கத்தில் படித்த எண்ணை மற்றொன்றுக்குக் கொண்டுபோனால், பத்து மடங்கு பிழை ஏற்படும். 30 நொடி காத்திருக்கட்டும் என்று நினைத்து டைமியோவில் 30 என்று எழுதியவர் உண்மையில் 3 நொடி கொடுத்திருக்கிறார். அதோடு 'சாஃப்ட்' ஆப்ஷனும் சேர்ந்தால் நிலைமை மோசமாகிறது. இயல்பான 'ஹார்டு' நிலையில் கிளையண்ட் சர்வர் திரும்பும் வரை விடாமல் முயன்றுகொண்டிருக்கும். நிரல் தொங்கும், ஆனால் தரவு கெடாது. சாஃப்ட் நிலையில் சில முயற்சிகளுக்குப் பின் கைவிட்டுப் பிழையை நிரலுக்குத் திருப்பி அனுப்பும். அந்தப் பிழையைக் கவனிக்காத நிரல் பாதி எழுதிய கோப்போடு முன்னே போய்விடும். சாஃப்ட் ஆப்ஷனால் சத்தமின்றித் தரவு கெடக்கூடும் என்று என்எஃப்எஸ் மேன் பக்கம் அந்த ஆப்ஷனை விளக்கும் இடத்திலேயே எச்சரிக்கிறது. எச்சரிக்கை இருக்க வேண்டிய இடத்தில் இருப்பதற்கு இது நல்ல முன்மாதிரி.

பழைய குறிப்பு ஏன் பொய்யாகிறது

கீழ்பவானியில் ஒற்றைப்படை மதகுகளுக்கும் இரட்டைப்படை மதகுகளுக்கும் முறை மாறி மாறி வரும் என்பது பாசன விவசாயிகள் அறிந்தது. போன முறைக்கான பட்டியல் எழுதப்பட்ட அன்று முழு உண்மை. இந்த முறைக்கு அது தவறு. மென்பொருளின் பதிப்புகளும் இப்படித்தான்.

1. என்எஃப்எஸ் சர்வர் கருவிகளின் தொகுப்பில் 1.0.0 பதிப்பு வரை 'ஏசிங்க்' இயல்பாக இருந்தது. அதாவது வட்டில் எழுதி முடிப்பதற்கு முன்பே எழுதிவிட்டதாகச் சர்வர் பதில் சொல்லும். அதற்குப் பிந்தைய பதிப்புகளில் 'சிங்க்' இயல்பானது. வேகத்துக்காக ஏசிங்கைத் திரும்பச் சேர்க்கச் சொல்லும் பழைய ஆலோசனைகளைப் பின்பற்றினால், யுபிஎஸ் கைவிட்ட ஒரு மின்தடையில், சேமித்ததாக டிசைனர் நம்பிய கோப்பு வட்டில் இல்லாமல் போகலாம்.

2. 'நோ சப்ட்ரீ செக்' என்ற ஆப்ஷன் 1.1.0 பதிப்பிலிருந்து இயல்பானது. அதை எழுதினாலும் எழுதாவிட்டாலும் இன்று ஒன்றுதான்.

3. தொங்கும் என்எஃப்எஸ் இணைப்பை இடைமறித்து நிறுத்த 'இன்ட்ர்' ஆப்ஷனைச் சேர்க்கச் சொல்லும் குறிப்புகள் ஏராளம். 2008-இல் வந்த 2.6.25 கெர்னலுக்குப் (லினக்ஸின் மையப்பகுதி) பின் அந்த ஆப்ஷன் கண்டுகொள்ளப்படுவதே இல்லை. பழைய அமைப்புக் கோப்புகள் பிழை காட்டாமல் இருப்பதற்காக மட்டும் அது ஏற்கப்படுகிறது. பிழை காட்டாததாலேயே, அது வேலை செய்கிறது என்று நம்பி மக்கள் இன்றும் எழுதிவருகிறார்கள்.

மூன்றையும் மேன் பக்கம் பதிப்பு எண்ணோடு பதிவு செய்திருக்கிறது. அந்தப் பக்கம் கருவியோடு ஒரே பேக்கேஜில், அதாவது ஒரே நிறுவல் தொகுப்பில், வருவதால், உங்கள் கணினியில் நிறுவப்பட்ட பதிப்புக்கு உரிய பக்கமே திறக்கிறது. அது உள்ளூர் வட்டில் கிடப்பதால் நெட்வொர்க் செத்துக் கிடக்கும் நேரத்திலும் படிக்கலாம். கன்டெய்னர் எனப்படும் தனித்த இயங்குசூழலுக்கான சுருக்கப்பட்ட வட்டுப் படிமங்களில் மட்டும் இடம் மிச்சம் பிடிக்க மேன் பக்கங்களை நீக்கிவிடுவது உண்டு.

பக்கம் எங்கே, எப்படி எழுதப்படுகிறது

மேன் பக்கங்களின் மூல மொழி 'ராஃப்'. புள்ளியில் தொடங்கும் சிறு கட்டளைகளால் தலைப்பு, பத்தி, தடித்த எழுத்து ஆகியவற்றைக் குறிக்கும் பழைய அச்சுக்கோப்பு மொழி அது. என்எஃப்எஸ் கருவிகளின் பக்கங்கள் இன்றும் ராஃபிலேயே கையால் எழுதப்படுகின்றன. கோப்புப் பகிர்வு மென்பொருளான சாம்பா தன் பக்கங்களை டாக்புக் எக்ஸ்எம்எல்லிலும், என்விஎம்இ கருவி ஆஸ்கிடாக்கிலும், சேமிப்பக மென்பொருளான செஃப் 'ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட்' வடிவிலும் எழுதி, பிறகு ராஃபாக மாற்றிக்கொள்கின்றன. எந்த மொழியில் எழுதுவது என்பதைப் பற்றி வாதங்கள் நீளமாக நடக்கும். நிரலாளர் தயங்காமல் திருத்தும் மொழி எதுவோ அதுவே போதும் என்பதற்கு மேல் அந்த வாதத்தில் சொல்ல ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன்.

ராஃபில் ஒரு நுணுக்கம் மட்டும் எல்லாரையும் பாதிக்கிறது. அதில் வெறும் சிறுகோடு எழுதினால் அது சொற்களை இணைக்கும் கோடு; பின்சாய்வுக்கோடு சேர்த்து எழுதினால்தான் கட்டளை ஆப்ஷன்களுக்கு முன் வரும் கழித்தல் கோடு. திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், ஆனால் கணினிக்கு அவை வெவ்வேறு எழுத்துகள். இணைக்கும் கோட்டோடு பக்கத்திலிருந்து நகலெடுத்த கட்டளையை ஒட்டினால் அது ஓடாது. காரணம் கண்ணுக்குத் தெரியாது. ராஃபைத் திரையில் காட்டும் வடிவுக்கு மாற்றும் 'குரூஃப்' கருவியின், 2023 ஜூலையில் வெளிவந்த 1.23.0 பதிப்பு இந்த வேறுபாட்டைக் கண்டிப்பாகக் கடைப்பிடித்தபோது, அதுவரை மறைந்திருந்த பிழைகள் ஏராளமான பக்கங்களில் வெளிப்பட்டன. லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான டெபியன் தன் அமைப்புக் கோப்பின் வழியாகப் பழைய நடத்தையைத் திரும்பக் கொண்டுவந்தது. குரூஃப் செய்தது இலக்கணப்படி சரி. ஆயினும் நள்ளிரவில் வட்டை மீட்கக் கட்டளையை நகலெடுப்பவரின் பக்கம் நின்று பார்த்தால் டெபியனின் முடிவே ஏற்கத்தக்கது.

பக்கத்தின் முதல் பகுதியான பெயர் வரியும் இப்படியே. கருவியின் பெயர், ஒரு கோடு, ஒருவரி விளக்கம் என்ற வடிவம் குலைந்தால், சொல்லைக் கொண்டு பக்கத்தைத் தேடும் 'அப்ரபோஸ்' கட்டளைக்கு அந்தப் பக்கம் அகப்படாது. இவற்றைப் பிடிக்க 'மேன்டாக்' கருவியில் வடிவப் பிழைகளைத் தேடும் லின்ட் சோதனை உதவும். பொருட்பிழையை எந்தச் சோதனையும் பிடிக்காது.

ஓர் ஆப்ஷன் மாறும்போது நடக்க வேண்டியவை

1. நிரலை மாற்றும் அதே பேட்ச்சில் (திருத்தத் தொகுப்பில்) மேன் பக்கமும் மாற வேண்டும். என்எஃப்எஸ் கருவிகளின் மூலத்தொகுப்பில் ஒவ்வொரு கருவியின் பக்கமும் அதன் நிரல் இருக்கும் கோப்புறையிலேயே இருப்பது இதற்கு வசதியான ஏற்பாடு. பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று தள்ளிவைத்த பக்கம் எழுதப்படாமலே போவதுதான் வழக்கம்.

2. இயல்பு மதிப்பு, அலகு, எந்தப் பதிப்பிலிருந்து என்ற மூன்றும் ஒவ்வோர் ஆப்ஷனுக்கும் எழுதப்பட வேண்டும். நீக்கப்பட்ட ஆப்ஷனின் பத்தியை அழித்துவிடக் கூடாது. இன்ட்ர் ஆப்ஷனுக்குச் செய்ததைப் போல, இப்போது இதற்குப் பயனில்லை என்று எழுதி வைக்க வேண்டும். பழைய கோப்பில் அந்தச் சொல்லைக் கண்டவர் விளக்கம் தேடி அங்கேதான் வருவார்.

3. தரவு அழியக்கூடிய ஆப்ஷனாக இருந்தால், அதைச் சொல்லும் வாக்கியம் ஆப்ஷனின் பெயருக்கு அடுத்தே வர வேண்டும். தேடிவரும் வாசகர் பக்கத்தை முழுவதும் படிப்பதில்லை. தன் ஆப்ஷனுக்குக் குதித்து நாலு வரி படித்துவிட்டு வெளியேறுகிறார்.

4. உதாரணக் கட்டளைகளை ஒரு சோதனைக் கணினியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கருவியின் உதவித் திரையிலிருந்து தானாகவே பக்கத்தை உருவாக்கும் 'ஹெல்ப்2மேன்' போன்ற வழிகள் சிறு கருவிகளுக்குப் போதும். சேமிப்பகத்துக்குப் போதாது, மின்சாரம் போனால் என்ன ஆகும், சர்வர் திரும்பாவிட்டால் என்ன ஆகும் என்ற கேள்விகளுக்கு உதவித் திரையில் விடை இருப்பதில்லை.

டெபியனின் கொள்கை ஆவணம், ஒவ்வொரு நிரலுக்கும் அதே பேக்கேஜிலோ அது சார்ந்திருக்கும் பேக்கேஜிலோ ஒரு மேன் பக்கம் இருக்க வேண்டும் என்றும், இல்லாவிட்டால் அதைப் பிழையாகவே கருத வேண்டும் என்றும் கூறுகிறது. பக்கம் இல்லாதது பிழை என்றால், பக்கம் தவறாக இருப்பது அதைவிடப் பெரிய பிழை.

இங்கிருந்து செய்யக்கூடியது

கோவை, ஈரோடு, நாமக்கல் பகுதிகளின் பொறியியல் கல்லூரிகளில் படிக்கும் மாணவர்களுக்குத் திறந்த மூல மென்பொருளில் பங்கேற்க மேன் பக்கத் திருத்தத்தைவிட எளிய வாசல் இல்லை. அதைச் சிறிய வேலை என்று யாரும் ஒதுக்க வேண்டாம். அதற்கு நிரல் முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு நடத்தையைச் சோதித்துப் பார்த்து, அதை ஐயமில்லாத ஒரு வாக்கியமாக எழுதத் தெரிந்தால் போதும். தொழிற்சாலைகளில் இந்தக் கருவிகளோடு தினமும் மல்லுக்கட்டுபவர்களுக்கு அந்தச் சோதனை அனுபவம் ஏற்கெனவே இருக்கிறது. இடைவெளியால் பகிர்வு திறந்துகிடந்ததை ஒருமுறை கண்டவர், அந்த விளைவை வேறு எவரையும்விடத் தெளிவாக எழுதுவார்.

அனுப்பும் திருத்தத்தில் நான்கு செய்திகள் இருந்தால் பராமரிப்பாளருக்கு வேலை குறையும்: கருவியின் பதிப்பும் கெர்னலின் பதிப்பும், பக்கத்தில் இப்போதுள்ள வரி, அதைச் சோதித்த கட்டளையும் கிடைத்த விடையும், மாற்றாக நீங்கள் முன்வைக்கும் வாக்கியம். பதிப்பு எண்ணை விட்டுவிட்டால் மற்ற மூன்றையும் யாராலும் சரிபார்க்க முடியாது. ஆகவே அதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.